நகல் கட்சி

தம்பி, உங்க போன்ல ஓடறது 'எட்டாம் கலம்' தொடர்தானுங்களே? சத்தத்தை வெச்சே கண்டுபுடிச்சுட்டனுங்க. அந்தக் கப்பல் கதவு தொறக்கற சத்தம் வேற எதுலயும் வராது. மொத பாகமுங்களா? அடடா, இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கீங்களாட்ட இருக்குது. சித்தெ நிறுத்திக்குங்க. டாக்டரம்மா வந்துட்டாங்களா? நிறைமதி. வெள்ளைக் கோட்டு, ஒத்தைச் சடை. ஆ, அவங்களேதான். அவங்க ஊட்டுல இருந்துதானுங்க நான் இப்ப வர்றேன்.

சிரிக்காதீங்க, நெசமாலுந்தான். நிறைமதியா நடிக்கறாங்கல்ல யசோதரா, நடிச்சாங்கல்ல, அவங்க வாக்கப்பட்டது இந்த ஒட்டன்சத்திரத்துலதான். ஊட்டுக்காரரு மார்க்கெட்ல காய்கறி மண்டி வெச்சிருக்கறாரு. போன மாசம் பொறந்தப்பத்தான் அந்தம்மா தவறிட்டாங்க. பேப்பர்ல வந்துச்சே, பாக்கலீங்களா? துக்கம் கேக்கத்தான் போனேன். துக்கமும் கேக்கோணும், கூடவே ஒரு சங்கதியும் கேக்கோணும். அந்தச் சங்கதியைத்தான் உங்ககிட்டச் சொல்லோணும்னு தோணுது. இந்த பஸ்ஸுலயே திருப்பூர் வரைக்கும் வருவீங்கதானே? நல்லதாப் போச்சு. கதையை முன்னாலயே சொல்லிப்போட்டானேன்னு மட்டும் கோவிச்சுக்காதீங்க.

என்ற பேரு மோகனசுந்தரமுங்க. பனியன் கம்பெனியில செக்கிங். தைச்சு வர்ற ஒவ்வொரு பீஸையும் மேசையில விரிச்சுப் பாக்கறது. எங்க தையல் உட்டிருக்குது, எங்க ஓட்டை, எங்க எண்ணெய்க் கறை. குறை இருக்கற எடத்துல சின்னதா ஒரு செவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டிருவோம். வெளிநாட்டுக்காரன் ஒப்புக்கிட்ட சாம்பிள் பீஸு பக்கத்துலயே தொங்கும். அதையும் இதையும் மாத்தி மாத்திப் பாக்கோணும். அதாட்ட இது இல்லைன்னா ஒதுக்கிப் போட வேண்டியதுதான். தலை நரைக்கற வரைக்கும் இதே வேலைங்க. என்ற கண்ணுக்கு ஒண்ணு தப்பாது. பெருமைக்குச் சொல்லலை. இந்தக் கதைக்கு இது வேணும்.

கதை என்னன்னா, பூமியெல்லாம் தண்ணியில முங்கிப் போவுது. எட்டுக் கலம் கெளம்புது. ஏழு போன எடம் தெரியலை. எட்டாவது மட்டும் எறங்கறதுக்கு ஒரு மண்ணைத் தேடிக்கிட்டு வானத்துல போயிட்டே இருக்குது. அதுக்குள்ள நகல் அறைன்னு ஒண்ணு. அந்த அறையில ஆள் செத்தா, மெசினு அதே ஆளாட்ட இன்னொண்ணைப் பண்ணி வெளிய அனுப்பிரும். அதே மூஞ்சி, அதே நெனப்பு. தான் நகல்னு வந்த ஆளுக்கே தெரியாது. ஆனா நகல் நாள்பட நாள்படத் தேஞ்சு போகும். அதுதான் அடையாளம்.

ரெண்டாம் பாகத்துக் கடைசியில அந்த நகல் அறையிலயே தீப்புடிச்சுக் கதவு பூட்டிக்குதுங்க. உள்ள நிறைமதி. ஒரே பொகை. அப்புறம் கதவு தொறக்குது, நிறைமதி இருமிக்கிட்டே வெளிய வர்றா. அத்தோட முடிச்சுட்டாங்க. வந்தது அசலா, நகலா? ஒரு வருசத்துக்கு மேல எங்களைக் காக்க வெச்சானுங்க, படுபாவிங்க.

இந்தத் தொடருக்குன்னு போன்ல ரசிகருங்க குரூப்பு ஒண்ணு நான் ஆரம்பிச்சிருந்தனுங்க, அது ரெண்டா ஒடஞ்சு போச்சு. அசல் கட்சி, நகல் கட்சி. தேர்தல்ல கூட அந்தச் சண்டை நடக்காதுங்க. சிங்காநல்லூர்ல ஒரு பையன் அசல் கட்சி, அவன் கட்டிக்கப் போற பொண்ணு நகல் கட்சி. முகூர்த்தத்தன்னைக்கு மேடையிலயே ரெண்டு பேரும் முறைச்சுக்கிட்டாங்கன்னா பாத்துக்குங்க. நான் மொதல்ல எந்தப் பக்கமும் போகலை. சாம்பிளைப் பாக்காம நான் ஒண்ணும் சொல்ற ஆளில்லை.

மூணாம் பாகம் வந்துச்சு. மொத வாரமே எனக்குப் பிடிபட்டுப் போச்சு.

ரெண்டாம் பாகத்துப் படத்தையும் மூணாம் பாகத்துப் படத்தையும் நிறுத்தி, பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தனுங்க, மேசையில வெச்சுப் பாக்கறாப்ல. கழுத்தெலும்பு துருத்திக்கிட்டு இருக்குது. மொத பாகத்துல ஒத்தைச் சடை. இப்பத் தலையில ஒரு துணியைச் சுத்திக்கிட்டே இருக்கறா. தீயில முடி கருகிப் போச்சுன்னு ஒரு வசனம் வருது, ஆனா புருவமும் இல்லை, மையில வரைஞ்சிருக்கறாங்க. எல்லாக் காட்சியிலயும் உக்காந்தே இருக்கறா. முன்னெல்லாம் அந்தக் கப்பல் பூரா ஓடித் திரிஞ்சவ. எல்லாத்துக்கும் மேல, இடது கை. அதைத் தூக்கவே மாட்டேங்கறா. ஒரு காட்சியில மேல இருக்கற மருந்தை எடுக்கோணும். இடது பக்கம் இருக்கற மருந்தை, ஒடம்பைத் திருப்பி வலது கையில எடுக்கறா. யாருங்க அப்படி எடுப்பாங்க?

கலாமணி, என்ற ஊட்டுக்காரி, பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தா. "ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு ஒடம்பு செரியில்லீங்க. எங்க பெரியம்மாவுக்கு மாருல ஆபரேசன் பண்ணினப்ப இப்படித்தான் கை வீங்கிப் போச்சு. தூக்கவே முடியாது. பாவம், எதுக்கு அந்தப் புள்ளையை இப்படி வேலை வாங்கறாங்க"ன்னா. எனக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. அவ எப்பவுமே இப்படித்தானுங்க. கதையைக் கதையாப் பாக்கத் தெரியாது. நாடகத்துல ஒருத்தன் பசியில கெடந்தா, இவ போய் உலை வெக்கற ஆளு. "இது அவங்க வேணும்னு வெச்ச குறிப்பு புள்ளே, உனக்குப் புரியாது"ன்னேன்.

வீடியோ போட்டனுங்க. 'நிறைமதி நகல்தான்: கண்ணால் கண்ட சாட்சிகள்'. ரெண்டு படத்தையும் வெச்சு, எங்க கம்பெனி ஸ்டிக்கராட்டவே செவப்பு அம்பு. கழுத்துக்கு ஒண்ணு, புருவத்துக்கு ஒண்ணு, மணிக்கட்டுக்கு ஒண்ணு, அக்குளுக்கிட்ட சட்டை ஒரு பக்கம் மட்டும் புடிக்குதுல்ல, அங்கே ஒண்ணு. எனக்கே அப்படி ஓடும்னு தெரியாதுங்க. கம்பெனியில மொதலாளி பையன் கூப்பிட்டு, "அண்ணா, நீங்களா அது?"ன்னு கேட்டாரு. அதே மேசையில காலம் பூரா குனிஞ்சு நின்னிருக்கறேன், ஒரு நாள் என்ற பேரு அவருக்குத் தெரிஞ்சதில்லை. அசல் கட்சியில பாதிப் பேரு இந்தப் பக்கம் வந்துட்டாங்க. மீதி இருந்தவங்க, "யசோதரா டயட்ல இருக்கறாங்க, அவ்வளவுதான்"ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாங்க. நெருப்பில்லாமப் பொகையுமாங்க?

அப்புறம் கோயமுத்தூர்ல அந்தக் கூட்டம் வந்துச்சு. நடிச்சவங்க எல்லாரும் வர்றாங்க, ரசிகருங்க பாக்கலாம், கேள்வி கேக்கலாம். நானும் போனேன். நல்ல கூட்டம். யசோதரா மேடையில ஒரு நாற்காலியில உக்காந்திருந்தாங்க. முழுக்கைச் சுடிதாரு, தலையில பட்டுத் துணி. அப்பவும் வேசத்தை உடலையே, என்ன ஒரு ஈடுபாடுன்னு நெனச்சனுங்க. மைக்கு என்ற கைக்கு வந்துச்சு. அம்பு வீடியோ போட்டவன் நான்தான்னு சொன்னதும் ஒரே விசில். நான் கேட்டேன், "நீங்க அசல்தான்னா எங்களுக்காக ஒருக்கா இடது கையைத் தூக்கிக் காட்டுங்க"ன்னு.

கூட்டம் பூரா "தூக்கு, தூக்கு"ன்னு கத்துது. அவங்க சிரிச்சாங்க. சிரிச்சுக்கிட்டே தூக்கினாங்க. தோள் வரைக்கும் வந்துச்சு, அதுக்கு மேல போகலை. வலது கையைக் கொடுத்துத் தாங்கப் பாத்தாங்க. மூஞ்சி ஒரு மாதிரி வெளுத்துப் போச்சு. அப்படியே எறக்கிட்டாங்க. கூட்டம் கூரையைப் பிச்சுக்கிட்டுப் போவுது. நகல்! நகல்!

படம் எடுத்துக்கறப்ப பக்கத்துல போனனுங்க. அந்தம்மா மெதுவா, எனக்கு மட்டும் கேக்கறாப்ல, "அண்ணா, நகல்னே வெச்சுக்குங்க. ஆனா இனிமே இந்தக் கையைக் காட்டாதீங்கண்ணா. கடைசி வரைக்கும் நடிச்சு முடிச்சர்றேன்"னாங்க.

பாத்தீங்களா? அவங்க வாயாலயே ஒத்துக்கிட்டாங்க. நகல்தான், கடைசி வரைக்கும் வெளிய சொல்லாதேங்கறாங்க. எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. அவ்வளவு பெரிய நடிகை, என்னை அண்ணான்னு கூப்பிட்டு, கதையோட ரகசியத்தைச் சொல்றாங்க. நான் கூட வெளிய சொல்ல வேண்டாம்னுதான் நெனச்சேன், சாமி சத்தியமா. ஆனா அங்க இருந்த எல்லாருமே போன்ல புடிச்சுட்டாங்க. நான் போடலைன்னா வேற எவனாச்சும் போட்டிருவான். கண்டுபுடிச்சவன் நான், பேரு வாங்கறவன் எவனோன்னு ஆயிரும். அன்னைக்குச் சாயங்காலமே போட்டுட்டேன். அவங்க என்ற காதுல சொன்னதையும் சேத்துத்தான் சொன்னேன்.

மூணு, நாலு வாரம் போயிருக்கும். பத்து எபிசோடுல ஆறுதான் வந்திருந்துச்சு. ஏழாவதுல பாருங்க, நிறைமதி அவளாவே நகல் அறைக்குள்ள நடந்து போறா. நடந்து போறது முதுகு மட்டுந்தான் தெரியுது. கதவு மூடுது. தொறந்தா வேற மூஞ்சி! வேற பொண்ணு! "நான் நிறைமதிதான். பழைய நகல் தேஞ்சு போச்சு. இது புது ஒடம்பு"ங்கறா. அவ்வளவுதான், கதை நிக்காம அடுத்த காட்சிக்குப் போயிருச்சு.

நான் சோபாவுல இருந்து எந்திரிச்சு நின்னுட்டனுங்க. என்ற தியரி! ஜெயிச்சுப் போச்சு! கலாமணி மட்டும், "அந்தப் புள்ளையைத் தூக்கிட்டாங்களா?"ன்னு கேட்டா. கேட்டுட்டு எந்திரிச்சுச் சமையக்கட்டுக்குப் போயிட்டா. அதுக்கப்புறம் அவ எங்கூட உக்காந்து அந்தத் தொடரைப் பாக்கறதில்லை.

ஆனா வயித்தெரிச்சலைக் கேளுங்க. டைரக்டரு ஒரு பேட்டி குடுத்தாரு. புது நடிகையைக் கொண்டு வர்றதுக்கு இப்படி ஒரு யோசனை எப்படி வந்துச்சுன்னு கேக்கறாங்க. அவரு சிரிச்சுக்கிட்டே, "கதையிலயே அதுக்கு எடம் இருந்துச்சு"ங்கறாரு. எங்கிருந்துங்க இருந்துச்சு? ஊரான் ஊட்டு நெய்யே, எம்பொண்டாட்டி கையேன்னு அள்ளிக்கிட்டாரு. இல்லை, நெசமாவே மொதல்லயே எழுதி வெச்சிருந்தாங்களோ? அந்தச் சந்தேகம் ஒண்ணுதாங்க என்னைத் தின்னுக்கிட்டு இருந்துச்சு. என்னைப் பாத்து எடுத்தாங்களா, முன்னயே இருந்துச்சா? அது தெரிஞ்சவங்க யாரு? அந்தம்மாதான். எத்தனையோ தடவை அவங்களுக்குச் செய்தி அனுப்பினேன். பதிலே இல்லை.

அப்புறம்தான் அவங்க தவறிட்டாங்கன்னு வந்துச்சு. கேன்சராம். ரெண்டாம் பாகம் முடிஞ்சப்பவே வந்திருச்சாம், யாருக்கும் சொல்லாம வைத்தியமும் பாத்துக்கிட்டு நடிச்சுக்கிட்டும் இருந்திருக்கறாங்க.

அழுதனுங்க. பொய் சொல்லலை, தேம்பித் தேம்பி அழுதேன். நிறைமதி போயிட்டாளேன்னு மனசு ஆறலை. இனி பழைய அசல் நிறைமதி திரும்பி வர்ற மாதிரிக் கதையை மாத்தோணும்னு நெனச்சாக் கூட முடியாதே.

குரூப்புல என்ன பண்ணினாங்கங்கறீங்க? "உன்னாலதான்"ன்னு எழுதறாங்க. அன்னைக்கு "தூக்கு, தூக்கு"ன்னு கத்தின அதே ஆளுங்க! நான் ஆரம்பிச்ச குரூப்புல இருந்து என்னையே தள்ளி உட்டுட்டாங்க. ஆனா ஞாயம் தெரிஞ்சவங்களும் இருக்கறாங்க. அந்த வீடியோவுக்குக் கீழ ஒருத்தர், 'யசோதராவின் நோயை உலகத்தில் முதலில் கண்டுபிடித்தவர் இவர்தான்'னு எழுதியிருக்கறாரு. நான் நோயின்னு சொல்லலை, நகல்னுதான் சொன்னேன். இருந்தாலும் ஒருத்தர் மனசாரச் சொல்றப்ப, இல்லைங்கன்னு எதுக்குங்க மறுக்கோணும்? கலாமணி அந்த வீடியோவை எடுத்துருங்கன்னு சொல்லிப் பாத்தா. இப்ப அதுதானுங்க ரொம்ப ஓடுது.

செரி, இன்னைக்கு நடந்ததுக்கு வர்றேன். மண்டிக்குப் பின்னாலயே ஊடு. முன்னறையில அந்தம்மா படம், மாலை, வெளக்கு. நிறைமதி வேசத்துல படம் வெக்கலை பாத்துக்குங்க, ஏதோ கலியாணத்துல எடுத்த படம். எனக்கு அது ஒரு மாதிரிதான் இருந்துச்சு. ஊட்டுக்காரரு பேரு சிவராசு. தண்ணி குடுத்தாரு. நான் இன்னார்னு சொன்னேன். "அம்புக்காரரா"ன்னாரு. ஆமாங்கன்னேன். எனக்குக் கொஞ்சம் சந்தோசமாக் கூட இருந்துச்சு, தெரிஞ்சு வெச்சிருக்கறாரேன்னு.

துக்கம் கேட்டுட்டு, மெதுவா விசயத்துக்கு வந்தேன். "அம்மா உங்ககிட்டச் சொல்லியிருப்பாங்க. நிறைமதி நகல்ங்கறது மொதல்லயே கதையில இருந்துச்சுங்களா, இல்லை நான் சொன்னதுக்கப்புறம் சேத்தாங்களா?"

அவரு கத்தலைங்க. கோவமாக் கூடப் பேசலை. படத்தைப் பாத்துக்கிட்டே சொன்னாரு. "நகலே இல்லீங்க. அசல்தான். பத்தாவதுல கலம் மண்ணுல எறங்கும், மொதல்ல காலை வெக்கறது நிறைமதி. அந்த ஒரு காட்சிக்குத்தான் அவ உசுரைப் புடிச்சுக்கிட்டு இருந்தா. ஊசி போட்டுக்கிட்டு வாந்தி எடுத்துக்கிட்டே வசனம் படிப்பா. அதை நடிச்சுட்டா எனக்குப் போதும்னா. உங்க வீடியோ வந்தப்புறம் தொடர் எடுக்கற கம்பெனியில கூப்பிட்டாங்க. அதைப் போட்டுக் காட்டினாங்க. ஆபீசு ரூம்ல எல்லாரும் உக்காந்திருக்க, அம்மா, கையைத் தூக்குங்கன்னு கேட்டாங்க. நானும் கூட நின்னேன்."

அப்புறம் சொன்னாரு. "நோயாளின்னு நிறுத்தினா ஊர்ல பேச்சு வரும், கதையும் நின்னு போகும்னு மொதல்ல யோசிச்சாங்க. அப்ப அவங்கள்ல ஒருத்தர்தான் சொன்னாரு, சனங்க ஏற்கெனவே நகல்னுதானே பேசறாங்க, அப்படியே மாத்திரலாம்னு. அதுக்கப்புறம் அவ எந்திரிச்சு உக்காரவே இல்லீங்க. புதுப்பொண்ணு மண்ணுல கால் வெச்ச அன்னைக்கு டிவியைப் போடச் சொன்னா. முழுசாப் பாத்தா. நல்லாத்தான் பண்ணியிருக்குதுன்னு சொன்னா."

தம்பி, எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க. என்னையும் அறியாமக் கேட்டுட்டேன், "அப்ப, அது என்ற யோசனைதானுங்களா?"ன்னு.

அவரு எந்திரிச்சுப் போயி வெளக்குத் திரியைத் தூண்டி உட்டாரு. அப்புறம், "இது எழவு உழுந்த ஊடு. சொல்லிக்கிட்டுப் போக வேண்டாம். எந்திரிச்சுப் போங்க"ன்னாரு. நல்ல மனுசன். அந்தத் துக்கத்துலயும் முறை மறக்கலை பாருங்க. நானும் அந்த மொறைப்படியே, போயிட்டு வர்றேன்னு சொல்லாம வந்துட்டேன். மண்டியில நின்ன ஆளுங்க எல்லாம் என்னையே பாத்துக்கிட்டு நின்னாங்க.

சங்கதி வெளங்கிருச்சு, ஆனா நிம்மதியில்லைங்க. அவரு சொன்னதைப் போன்ல பதிஞ்சிருந்தா நாளைக்கு டைரக்டரை ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். இப்ப நான் சொன்னா எவன் நம்புவான்? கலாமணி நம்பினாலும் என்ன பிரயோசனம்? ஒரு மாசமா எங்கூடப் பேச்சே இல்லை. சோத்தைப் போட்டு வெச்சுட்டு அக்கட்டால போயிர்றா. ஊட்டுல தனியா உக்காந்து திங்கறதே என்னவோ மாதிரி இருக்குது. நான் யாருக்குங்க கெடுதல் பண்ணினேன்? பாத்ததைத்தானே சொன்னேன்.

செரி, அது கெடக்கட்டும். நாலாம் பாகம் ஆரம்பிச்சிருச்சுல்ல. இந்தப் புதுப்பொண்ணு இருக்குதே, இதைக் கவனிச்சீங்களா? நீங்க இன்னும் அந்த எடத்துக்கு வரலையோ. இதைப் பாருங்க, படம் எடுத்து வெச்சிருக்கறேன். மூணாம் பாகத்துல கையில்லாத சட்டை. இப்ப அந்த மண்ணுல, அந்த வெயில்ல, மணிக்கட்டு வரைக்கும் மூடியிருக்குது. இங்க பாருங்க, காதுக்குக் கீழ பவுடரை அப்பி மறைச்சிருக்கறாங்க, அதுக்கு மேலயும் நீலமாத் தெரியுது. போன வாரம் அந்தப் பக்கம், இந்த வாரம் இந்தப் பக்கம். ஆரோ கதவை வேகமாத் தொறந்தாப் போதும், அந்தப் பொண்ணு தோளைச் சுருக்குது. வசனத்துல அது இல்லீங்க. நல்லாப் பாருங்க.

நேத்து ஊட்டுல நான் இதைப் பாத்துக்கிட்டு இருந்தப்ப, கலாமணி வாசப்படியில நின்னு எட்டிப் பாத்துட்டு, "ஆரோ அந்தப் புள்ளையை அடிக்கறாங்க"ன்னா. ஒரு மாசங் கழிச்சு அவ பேசின ஒத்தைப் பேச்சு அதுதான். நான் என்ன சொல்றது? அவளுக்குக் கதை புரியாதுங்க. அது மெசினு குத்தற முத்திரை. புது ஒடம்பு ஒத்துக்கலைன்னா தோலுக்கு மேல வந்துரும். இது மட்டும் ருசுவாச்சுன்னா, நாலாம் பாகம் பூராவும் என்னுதுதான். அடுத்த மாசம் சேலத்துல கூட்டம் வெக்கறாங்க, அந்தப் பொண்ணு வருது. நான் போறேன். மைக்கு கைக்கு வந்ததும் ஒண்ணே ஒண்ணுதான் கேக்கப் போறேன். எல்லாருக்கும் முன்னால, அந்தச் சட்டைக் கையை மேல மடிச்சு உட்டுக் காட்டுங்கன்னு.

ஏனுங்க, எந்திரிச்சுட்டீங்க? இன்னும் தாராபுரமே வரலைங்களே. முன்னால சீட்டுக்குப் போறீங்களா? போங்க, போங்க. அந்தப் பக்கம் வெயிலடிக்குமுங்க தம்பி, பரவாயில்லீங்களா?